குழாயும் சாவியும்

பைப்லைன் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு வீராணம் குழாய்கள்தான் நினைவுக்கு வரும். தண்ணீரையே பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் சாலையோரம் கிடந்த அந்த ராட்சதக் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடித்தனம் நடத்தியதை நாம் பார்த்திருக்கிறோம். இன்றைய பிள்ளைகள் "ராத்திரி பைப்லைன் நின்னுபோச்சு" என்று போனில் பதறும்போது அவர்கள் சொல்வது வேறு குழாய். அதில் ஓடுவது டேட்டா. அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இப்போது ஏஐ உதவியாளர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், எங்கோ இருக்கும் ஒரு சர்வர் வழியாக. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று என் மருமகனைத் துளைத்தும், நானே படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பாதி வாழ்நாளை டேட்டா பிராசஸிங் பிரிவில் கழித்தவன் என்பதால் எனக்கு இதில் ஆர்வம் அதிகம். கொஞ்சம் கவலையும் உண்டு.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு 'டே எண்ட்' தெரியும். அன்றைய வரவு செலவு எல்லாம் முடிந்த பிறகு இரவில் கணக்கைக் கூட்டி, வட்டி போட்டு, மறுநாளுக்குத் தயார் செய்வது. அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாற்பது கிளைகள் உள்ள ஒரு மளிகைக் கடை நிறுவனம். ஒவ்வொரு கிளையின் அன்றைய பில்களும் இரவில் ஓரிடத்துக்கு வரவேண்டும். ஒரு கிளை 'து.பருப்பு' என்று எழுதியிருக்கும், இன்னொன்று 'துவரம் பருப்பு' என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்று என்று திருத்தவேண்டும். பிறகு கூட்டி, கழித்து, காலை எட்டு மணிக்கு முதலாளி மேசையில் ஒரு பட்டியல் இருக்கவேண்டும். எடுத்தல், திருத்தல், சேர்த்தல். இந்த வரிசைதான் டேட்டா பைப்லைன். முன்பு சொந்தக் கணினி அறையில் நடந்தது. இப்போது வாடகைக்கு எடுத்த கணினிகளில், அதாவது கிளவுடில் நடக்கிறது.

குழாய் என்ற உவமை புதிது இல்லை. 1964 அக்டோபரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் என்பவர் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பில் ஒரு துண்டோடு இன்னொரு துண்டைத் திருகிச் சேர்ப்பதுபோல, ஒரு புரோகிராமோடு இன்னொன்றைச் சேர்க்க வழி வேண்டும் என்பது அதன் சாரம். ஒன்பது ஆண்டுகள் அவர் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1973இல் அவருடைய சக ஊழியர் கென் தாம்ப்சன் ஒரே இரவில் உட்கார்ந்து யூனிக்ஸில் அதைச் செய்து முடித்தார். ஒரு சின்ன நெட்டைக் கோடு போட்டால் போதும், இந்த நிரலின் வெளியீடு அடுத்த நிரலுக்குள் ஓடும். ஒன்பது ஆண்டு கேட்டதும் ஒரு ராத்திரியில் முடித்ததும் எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆபீசில் எத்தனையோ விஷயங்கள் இப்படித்தான்.

அதே காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. ஐபிஎம்மின் எட்கர் காட் 1970இல் தரவைப் பட்டியல்களாக அடுக்கும் முறையை முன்வைத்தார். அந்தப் பட்டியல்களைக் கேள்வி கேட்க ஒரு மொழியை, அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்டார்கள். முதலில் 'சீக்வல்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் எஸ்க்யூஎல் ஆயிற்று. அவர்கள் மனத்தில் வைத்திருந்தது புரோகிராமர்களை அல்ல. கணக்காளர், பொறியாளர் போன்ற, கணினி படிக்காத ஆட்கள் தங்கள் தரவைத் தாங்களே நேரடியாகக் கேட்டுப் பெறவேண்டும் என்பதுதான் ஆசை.

அந்த ஆசை நிறைவேறவில்லை என்பதற்கு நானே சாட்சி. எங்கள் பிரிவுக்கு மேலதிகாரிகளிடமிருந்து கடிதம் வரும்: இந்தக் கோட்டத்தில் மூன்று மாதமாகப் பணம் கட்டாதவர்கள் பட்டியல் தேவை, உடனே அனுப்பவும். 'உடனே' என்றால் மூன்று நாள். புரோகிராமர் எழுதவேண்டும், இரவு ஓட்டத்தில் இடம் கிடைக்கவேண்டும், பச்சைக் கோடு போட்ட நீளத் தாளில் லைன் பிரிண்டர் கடகடவென்று அடிக்கவேண்டும். பட்டியலைக் கையில் வாங்கியதும் அவர், "நான் கேட்டது இது இல்லையே, மூன்று மாதத்துக்கு மேல் என்றல்லவா கேட்டேன்" என்பார். மறுபடி மூன்று நாள். கேட்பவருக்கும் தரவுக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஆள் நின்றார். எஸ்க்யூஎல் வந்தபோது நடுவில் நிற்பவருக்கு வேலை சுலபமாயிற்று, அவ்வளவுதான்.

1990களில் நடுவில் நிற்கும் கருவிகள் பெருகின. ஒவ்வொரு தரவுத்தளமும் தனக்கென்று ஒரு வாசல் வைத்திருந்ததால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வாசல் வைக்கும் ஓடிபிசி என்ற ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 1992இல் வெளியிட்டது. மறு ஆண்டு கலிபோர்னியாவில் கௌரவ் தில்லான், டயஸ் நேசமணி என்ற இந்திய வம்சாவளியினர் இருவர் தொடங்கிய இன்ஃபர்மாடிகா, நான் மேலே சொன்ன எடுத்தல், திருத்தல், சேர்த்தல் வேலையையே ஒரு பொருளாக விற்றது. சென்னையிலும் பெங்களூரிலும் ஒரு தலைமுறைப் பையன்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசா வாங்கினார்கள் என்றால் அது பெரிய மிகையில்லை.

பிறகு கிளவுட் வந்தது. 2006இல் அமேசான் சேமிப்பிடத்தை மாத வாடகைக்கு விட்டது. 2012க்குப் பிறகு தரவுக் கிடங்குகளே வாடகைக்குக் கிடைத்தன. குழாய்கள் நூற்றுக்கணக்கில் ஆனபோது, எதன் பிறகு எது ஓடவேண்டும் என்று வரிசைப்படுத்துவதே பெரும்பாடாகிவிட, ஏர்பிஎன்பி நிறுவனத்தில் மாக்சிம் போஷமன் 2014இல் 'ஏர்ஃப்ளோ' என்ற கருவியை எழுதினார். இன்று உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் கருவிகளில் அது ஒன்று. தரவை இழுத்துவர ஒரு கம்பெனி, திருத்தி அடுக்க இன்னொன்று, சேமித்துவைக்க மற்றொன்று, வரைபடம் காட்ட வேறொன்று என்று தனித்தனியாக ஆகிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ ஒன்று நின்றுபோனால், எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க ஐந்து கருவிகளில் ஐந்து பாஸ்வேர்டு போட்டு நுழைந்து பார்க்கவேண்டும். என் மருமகன் தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு தூங்குவது இதனால்தான்.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது எல்லோருக்கும் தெரியும். அது நன்றாகப் பேசியது, ஆனால் கை கிடையாது. குழாய் நின்றுபோனால், பிழைச் செய்தியை ஒரு திரையிலிருந்து நகலெடுத்து அதன் திரையில் ஒட்டவேண்டும். அது "இந்த இடத்தைப் பாருங்கள்" என்னும். போய்ப் பார்த்து, வந்து மறுபடி ஒட்டவேண்டும். பெரிய டாக்டரிடம் போனில் வைத்தியம் கேட்பதுபோல. ஆக, மறுபடியும் நடுவில் ஓர் ஆள். இந்தமுறை செய்தி சுமக்கும் பியூன் வேலை இன்ஜினியருக்கு.

கை கொடுக்கும் முயற்சிகள் 2023இலேயே தொடங்கின. அந்த மார்ச்சில் சாட்ஜிபிடிக்குச் செருகு நிரல்கள் வந்தன. ஜூனில், வெளியே உள்ள ஒரு கருவியை இன்ன விவரத்தோடு இயக்கு என்று மாதிரி எழுதிக் கேட்கும் வசதியும் வந்தது. ஆனால் ஒவ்வொரு உதவியாளருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகக் கம்பி இழுக்கவேண்டியிருந்தது. பத்து உதவியாளர்கள், நூறு கருவிகள் என்றால் ஆயிரம் கம்பிகள். எல்லோரும் ஒரே அளவு பிளக்கும் சாக்கெட்டும் வைத்துக்கொண்டால் நூற்றுப்பத்து போதும். ஓடிபிசி காலத்தில் போட்ட அதே கணக்குதான்.

அந்தப் பொது பிளக்கை 2024 நவம்பர் 25ஆம் தேதி ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்டது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி. அதை உருவாக்கியவர்கள் டேவிட் சோரியா பாராவும் ஜஸ்டின் ஸ்பார்-சம்மர்ஸும். புரோகிராம் எழுதும் எடிட்டர்களையும் கணினி மொழிகளையும் இணைக்க மைக்ரோசாஃப்ட் 2016இல் இதேபோல ஒரு பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தது. எம்சிபிக்கு அதுதான் முன்மாதிரி. போட்டி நிறுவனமான ஓபன்ஏஐ 2025 மார்ச்சில் இதையே ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் கூகுளும் ஏற்றது. ஆறு மாதத்துக்குள் போட்டியாளர்கள் ஒரே பிளக்குக்கு ஒத்துக்கொண்டது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. நம் வீடுகளில் இரண்டு பின், மூன்று பின் தகராறு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அது வேலை செய்யும் விதம் ஓட்டலில் சாப்பிடுவதைப் போன்றது. உதவியாளர் முதலில் சர்வரிடம், "என்ன இருக்கிறது?" என்று கேட்கும். சர்வர் மெனு கார்டை நீட்டும்: நேற்றைய ஓட்டங்களின் பட்டியல், குறிப்பிட்ட ஓட்டத்தின் பதிவுக் குறிப்பு, மறுபடி ஓட்டுதல், இன்ன பட்டியலில் கேள்வி கேட்டல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது என்ன செய்யும், என்ன விவரம் தரவேண்டும் என்று சாதாரண வாக்கியத்தில் எழுதியிருக்கும். மனிதர், "நேற்று ராத்திரி விற்பனைக் கணக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டால், உதவியாளர் மெனுவைப் பார்த்து, ஓட்டங்களின் பட்டியலை வாங்கும், நின்றுபோன ஓட்டத்தின் குறிப்பைக் கேட்கும், ஒரு கிளையிலிருந்து வந்த கோப்பில் 'விலை' என்ற பத்தி 'எம்ஆர்பி' என்று பெயர் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லும். "திருத்தி மறுபடி ஓட்டட்டுமா?" என்று கேட்கும். ஒரு மணி நேர வேலை சில நிமிடங்களில் முடியும். இதை நான் மருமகன் திரையில் பார்த்தேன். எஸ்க்யூஎல் எழுதிய அந்த இருவர் கணக்காளருக்காகக் கண்ட கனவு ஐம்பது ஆண்டு கழித்து இந்த ரூபத்தில் வருகிறது. கணக்காளர் தன் மொழியில் கேட்கலாம். எஸ்க்யூஎல்லை உதவியாளர் எழுதிக்கொள்ளும்.

தொடக்கத்தில் இந்த எம்சிபி சர்வரை நம் கணினியிலேயே நிறுவிக்கொள்வதுதான் பெரும்பாலான வழக்கம். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் இருபது கணினிகளில் நிறுவவேண்டும், புதுப்பிக்கவேண்டும். அதைவிட மோசம், கிளவுடின் சாவியை ஒரு சாதாரணக் கோப்பில் எழுதிவைக்கவேண்டியிருந்தது. பீரோ சாவியைப் பீரோ மேலேயே வைப்பது நம் வீட்டு வழக்கம், அதுபோல. தொலைவில் உள்ள சர்வரோடு பேசவும் ஒரு வழி இருந்தது. ஆனால் அதற்கு ரிசீவரை எடுத்தபடியே வைத்திருப்பதுபோல இணைப்பைத் திறந்தே வைத்திருக்கவேண்டும். கிளவுடுக்கு அது ஒத்துவரவில்லை. 2025 மார்ச்சில் வந்த திருத்தம் இரண்டையும் மாற்றியது. சாதாரண இணையதளத்தோடு பேசுவதுபோலவே கேட்டுப் பதில் வாங்கும் முறை வந்தது. கூடவே, அனுமதி வாங்குவதற்கு ஓஆத் என்ற ஏற்பாட்டைப் பின்பற்றும் முறையும் வகுக்கப்பட்டது. அதன்பிறகு பைப்லைன் கம்பெனிகள் தாங்களே தங்கள் இடத்தில் எம்சிபி சர்வரை நடத்தி ஒரு முகவரியை மட்டும் கொடுக்க ஆரம்பித்தன. முகவரியைக் கொடு, உள்ளே நுழைய உன் பெயரில் லாகின் செய், இன்னின்ன வேலைக்கு அனுமதிக்கிறேன் என்று அழுத்து, முடிந்தது.

ஓஆத் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 2007 வரையில் ஓர் இணையதளம் நம் நண்பர்கள் பட்டியலை எடுக்க வேண்டுமென்றால், கூசாமல் நம் இமெயில் பாஸ்வேர்டையே கேட்கும். நாமும் கொடுத்தோம். ஒரு கடிதத்தை எடுத்துவர அனுப்பிய ஆளிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்தது போலத்தான். அந்த ஆண்டு இறுதியில் வந்த ஓஆத் அதை மாற்றியது. பாஸ்வேர்டு நம்மிடமே இருக்கும். வெளியாளுக்கு ஒரு சீட்டு மட்டும் கிடைக்கும். சீட்டில் என்ன செய்யலாம் என்று எழுதியிருக்கும், அதற்குக் காலக்கெடு வைக்கலாம், வேண்டாமென்றால் கிழித்துப்போடலாம். பத்திரப் பதிவு அலுவலக வாசலில் கால்கடுக்க நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முழுப் பவர் ஆஃப் அட்டர்னிக்கும், இந்த ஒரு கிரயத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடத் தரும் பவருக்கும் உள்ள வித்தியாசம். முழுப் பவர் கொடுத்து நிலத்தை இழந்த குடும்பங்கள் நம் எல்லோர் ஊரிலும் உண்டு.

ஆனால் சீட்டு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. நார்ம் ஹார்டி என்பவர் 1988இல் எழுதிய சிறு கட்டுரை அது. 'குழம்பிப்போன பிரதிநிதி' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கணினி நேரத்தை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறார். அங்கே ஃபோர்ட்ரான் நிரல்களை மொழிபெயர்க்கும் கம்பைலர் ஒன்று இருந்தது. யார் எந்த வசதியைப் பயன்படுத்துகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை எழுதிவைப்பதற்காக, அது குடியிருக்கும் அடைவில் உள்ள கோப்புகளில் எழுத அதற்குத் தனி அனுமதி கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களின் பில் கணக்குக் கோப்பும் அதே அடைவில்தான் இருந்தது. பிழைக் குறிப்புகளை எந்தக் கோப்பில் எழுதட்டும் என்று கம்பைலர் பயனரிடம் பெயர் கேட்கும் வழக்கம். ஒரு பயனர் அந்தப் பில் கோப்பின் பெயரைக் கொடுத்தார். பயனருக்கு அந்தக் கோப்பைத் தொட அனுமதி இல்லை. கம்பைலருக்கு இருந்தது. எழுதிவிட்டது. பில் கணக்கு போயிற்று.

இதில் யாரும் பூட்டை உடைக்கவில்லை. கம்பைலர் விசுவாசமான வேலையாள், சொன்னதைச் செய்தது. அதன் இடுப்பில் இரண்டு எஜமானர்களின் சாவிகள் தொங்கின. ஒன்று நிறுவனம் கொடுத்தது, மற்றது பயனர் கொடுத்த வேலைக்கானது. எந்த வேலைக்கு எந்தச் சாவி என்று அது பிரித்துப் பார்க்கவில்லை, பார்க்க வழியும் இல்லை. இந்த முப்பத்தெட்டு வயதுக் கட்டுரையின் தலைப்பை எம்சிபியின் பாதுகாப்பு வழிகாட்டியிலேயே இன்று எடுத்தாள்கிறார்கள்.

ஏஐ உதவியாளரிடம் இந்தக் குழப்பம் இன்னும் ஆழமானது. கம்பைலர் கோப்பின் பெயரை மட்டும்தான் வெளியாளிடமிருந்து வாங்கியது. உதவியாளரோ எல்லாவற்றையும் எழுத்தாகத்தான் வாசிக்கிறது: முதலாளி கேட்ட கேள்வி, சர்வர் நீட்டிய மெனு, பட்டியலிலிருந்து வந்த தரவு எல்லாம் அதன் கண்முன் ஒரே தாளில் வரிசையாக வருகின்றன. எது கட்டளை, எது வெறும் தகவல் என்பது எழுத்தில் ஒட்டிவருவதில்லை. 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் என்ற புரோகிராமர் இந்த ஓட்டைக்கு 'பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்' என்று பெயர் வைத்தார்.

2025ஆம் ஆண்டின் நடுவில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைக் கிளவுட் தரவுத்தளம் ஒன்றில் செய்துகாட்டினார்கள். சுபாபேஸ் என்ற தரவுத்தளம், அதை எம்சிபி மூலம் ஓர் உதவியாளரோடு இணைத்திருக்கும் ஓர் இன்ஜினியர். வாடிக்கையாளர் ஒருவர் புகார் மனு அனுப்புகிறார். மனுவுக்குள்ளேயே, உதவியாளரை விளித்து, ரகசியச் சாவிகள் உள்ள பட்டியலைப் படித்து இந்த மனுவுக்குப் பதிலாக எழுது என்று ஒரு குறிப்பு. இன்ஜினியர் ஒன்றும் அறியாமல், "புதிதாக வந்த புகார்களைக் காட்டு" என்கிறார். உதவியாளர் மனுவைப் படிக்கிறது, அதிலிருக்கும் குறிப்பையும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. எந்தப் பட்டியலையும் திறக்கும் சாவி அதனிடம் இருக்கிறது. ரகசியம் மனுதாரரின் திரைக்கே போய்ச் சேர்கிறது. இது செய்துகாட்டல்தான், திருட்டு அல்ல. ஆனால் வழி திறந்திருந்தது. நிஜமான தரவோடு இணைக்காதீர்கள், இணைத்தே ஆகவேண்டுமென்றால் படிக்கமட்டும் அனுமதி கொடுங்கள் என்பது சுபாபேஸின் அறிவுரை.

நம் அலுவலகங்களில் மனு வாங்கும் கிளார்க் இருந்தார். "ஐயா உடனே பீரோவைத் திறந்து என் எதிர்வீட்டுக்காரர் ஃபைலை எனக்கு அனுப்பிவைக்கவும்" என்று மனுவில் எழுதியிருந்தால் அவர் சிரித்துவிட்டு அடுத்த மனுவை எடுத்திருப்பார். மனு என்பது வேண்டுகோள், உத்தரவு அல்ல என்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

அதே 2025 ஜூலையில் இன்னொன்று நடந்தது. இது எம்சிபி விவகாரம் அல்ல, ஆனாலும் பக்கத்து வீடு. ரெப்லிட் என்ற நிறுவனத்தின் ஏஐ உதவியாளரோடு வேலை செய்துகொண்டிருந்த ஜேசன் லெம்கின் என்ற தொழிலதிபர், எதையும் மாற்றாதே என்று சொல்லிவைத்திருந்தார். அது நிஜத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. அழித்ததோடு, மீட்க முடியாது என்றும் சொன்னது, மீட்க முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டு, சோதனைத் தரவையும் நிஜத் தரவையும் இனித் தனித்தனியாகப் பிரித்துவைப்போம் என்றார். எங்கள் டேப் லைப்ரரியில் இதற்கு ஒரு பிளாஸ்டிக் வளையம் இருந்தது. டேப்பின் பின்பக்கத்தில் அந்த வளையத்தைச் செருகினால்தான் அதில் எழுத முடியும். கழற்றிவிட்டால் எந்தப் புரோகிராம் என்ன சொன்னாலும் டிரைவ் எழுதாது, படிக்கத்தான் செய்யும். பழைய மாஸ்டர் டேப்பை வெளியே கொடுக்கும்போது லைப்ரரியன் வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். இரும்பு மாதிரி ஒரு விதி, இரண்டு காசு பெறாத பிளாஸ்டிக்கில்.

இதையெல்லாம் படித்தபின் இந்த இணைப்பே வேண்டாம் என்ற கட்சியில் நான் சேரவில்லை. கணினியே வேண்டாம் என்று கொடி பிடித்த காலத்தையும் பார்த்தவர்கள் நாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பையன் எழுந்து ஐந்து திரைகளைத் தடவுவதைவிட, உதவியாளர் குறிப்பைப் படித்து அடைப்பு இங்கே என்று சொல்வது எவ்வளவோ மேல். தொலைவில் உள்ள சர்வர் என்பதும் என் பார்வையில் நல்ல மாற்றம்தான். இருபது கணினிகளில் கேட்பாரற்றுக் கிடந்த சாவிகள் ஒரு வாசலுக்கு வந்துவிட்டன; அங்கே ஒரு காவலாளியை நிறுத்தலாம், யார் வந்தார் போனார் என்று எழுதலாம், தேவைப்பட்டால் கதவைச் சாத்தலாம். ஆனால் படிக்கும் சாவியையும் எழுதும் சாவியையும் ஒரே கொத்தில் கோத்துக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவசரத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள் என்று மருமகனே சொல்கிறார். அனுமதித் திரை வரும்போது எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு மேலே போவது. வங்கிக் கடன் பத்திரத்தில் பென்சில் புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் நாம் கையெழுத்துப் போட்டதுபோல. உதவியாளர் ஒவ்வொரு தடவையும் "செய்யட்டுமா?" என்று கேட்கிறதே என்பார்கள். ஐம்பதாவது தடவை கேட்கும்போது யார் படித்துப் பார்க்கிறார்கள்?

2025 டிசம்பரில் எம்சிபியை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வரும் ஓர் அமைப்புக்கு ஆந்த்ரோபிக் கொடுத்துவிட்டது. பிளக் இனி ஒரு கம்பெனியின் சொத்து அல்ல. சாவி விஷயத்தில் இன்னும் தீராத வேலைகள் இருக்கின்றன. அதில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் காலத்தில் இரவு ஷிப்டில் எந்த ஜாபை மறுபடி ஓட்டினாலும், நேரம், காரணம், ஓட்டியவர் கையெழுத்து மூன்றும் பதிவேட்டில் இருக்கவேண்டும். காலையில் சூப்பரின்டெண்டென்ட் முதலில் திறப்பது அதைத்தான். மருமகனின் அலுவலகத்தில் சில மாதங்களுக்கு முன் ஒரு பைப்லைனை இரவு 2.40க்கு யாரோ மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். பதிவில் ஒரு பெண் ஊழியரின் பெயர். அவரோ அந்த நேரத்தில் நல்ல தூக்கத்தில் இருந்தார். மாலையில் அவர் தன் லாகினில் அனுமதி கொடுத்துவிட்டுப் போன உதவியாளர்தான், குழாய் நின்றதைப் பார்த்து, அவர் சீட்டைக் காட்டி ஓட்டியிருக்கிறது. அந்தத் தடவை ஒன்றும் கெடவில்லை. இப்போது அங்கே உதவியாளருக்கென்று தனிப் பெயரில் ஒரு கணக்கு உண்டாக்கியிருக்கிறார்கள். பதிவில் இரண்டு பெயர் வருகிறது, ஓட்டியது எது, யாருக்காக என்று. இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கணக்குக்குப் படிக்கும் அனுமதி மட்டும்தான்.